வாசகர் கேள்வி பதில்: கையைக் காலியாக்கிவிட்டு உட்காருங்கள்

போன இதழில் கண்ணாடி டம்ளரில் பெயர் பொறிப்பதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் எழுதிவிட்டு, "முதலில் வாட்சையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்" என்று முடித்திருந்தேன். டம்ளரை விட அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க அதே பேச்சு.

கேள்வி: கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. உள்ளே நுழையும்போதே ஹெட் மெக்கானிக் அண்ணன் மோதிரத்தைக் கழற்றச் சொல்கிறார். நிச்சயதார்த்த மோதிரம், கழற்ற மனசு வரவில்லை. இத்தனை சின்ன மோதிரம் என்ன செய்துவிடும்?
- வாசகர், கோவை

பதில்: தம்பி, அந்த அண்ணன் உங்கள் விரலைக் காப்பாற்றிக் கொண்டிருக்கிறார். கார் பேட்டரி 12 வோல்ட்தான், தொட்டால் ஷாக் அடிக்காது, அதனாலேயே யாருக்கும் பயம் இருப்பதில்லை. ஆனால் ஸ்பேனர் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் பட்டு, உங்கள் மோதிரம் அந்த ஸ்பேனருக்கும் கார் பாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்தத் தங்க வளையம் வழியாகப் பாயும். தங்கம் மின்சாரத்தை அருமையாகக் கடத்தும், கண் மூடித் திறப்பதற்குள் பழுக்கக் காய்ந்துவிடும், அதைக் கழற்றவும் முடியாது. விரலைச் சுற்றி வளையமாகத் தீக்காயம் விழும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கும் இதே கதைதான், ஸ்டீல் செயின் போட்ட வாட்சுக்கும் இதே கதைதான்.

இன்னொன்று இதைவிட மோசம். என் சித்தப்பா நெல் மூட்டை லாரியின் பின்பக்கத்திலிருந்து குதித்தார். தினமும் குதிக்கிற உயரம்தான். அன்றைக்கு மோதிரம் கதவுக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. உடம்பின் மொத்த எடையும் அந்த ஒரு விரலில் தொங்கியது. தோல் கையுறை கழல்வதைப் போல உரிந்து வந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அப்போது எனக்குப் பதினான்கு வயது. பஸ் படிக்கட்டுக் கம்பி, காம்பவுண்ட் கேட்டின் மேல்முனை, ஏணி, கிணற்று ராட்டினம் எல்லாவற்றிலும் இது நடக்கிறது. அப்படி ஒரு விபத்தில் விரல் துண்டாகிவிட்டால், துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகவேண்டும். ஐஸுக்குள் நேரடியாகப் போட்டால் சதை கெட்டுவிடும், பிறகு ஒட்ட வைப்பது சிரமம்.

நிச்சயதார்த்த மோதிரத்தை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போடுவதும் ஒர்க்‌ஷாப்பில் வேண்டாம், சுற்றுகிற பெல்ட்டில் கயிறு மாட்டும். வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், சாயந்திரம் குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தங்கைக்கு ஏழாம் மாதம். விரல் வீங்கி, மோதிரம் கழலவே மாட்டேன் என்கிறது. சோப்பு போட்டுப் பார்த்தோம், எண்ணெய் போட்டுப் பார்த்தோம். வெட்டினால் அபசகுனம் என்று அம்மா அழுகிறார்.
- வாசகி, தேவகோட்டை

பதில்: அம்மாவை முதலில் சமாதானப்படுத்துங்கள். வெட்டிய மோதிரத்தை ஆசாரி கால் மணி நேரத்தில் பற்றவைத்துத் தந்துவிடுவார், தங்கம் எங்கும் போகாது. ஆனால் வெட்டாமலே கழற்ற ஒரு வழி இருக்கிறது, எங்கள் வீட்டில் அக்காவுக்குச் செய்து பார்த்ததுதான்.

தங்கையைக் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஐந்து பத்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். நடுவில் குளிர்ந்த தண்ணீரில் கையை முக்கி எடுக்கலாம். காலையில் எழுந்தவுடன் வீக்கம் கூடுதலாக இருக்கும், வெயில் நேரத்திலும் இருக்கும், அதனால் பத்து மணி வாக்கில் முயற்சி செய்யுங்கள். பிறகு நீளமான பட்டு நூல், இல்லையென்றால் பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூல் எடுத்து, ஒரு நுனியை ஹேர்பின்னால் மெதுவாகத் தள்ளி மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் வெளியே எடுங்கள். மீதி நூலை மோதிரத்தை ஒட்டி ஆரம்பித்து நகத்தை நோக்கிச் சுற்றிக்கொண்டே போங்கள். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுகிற மாதிரி, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் சதை பிதுங்காமல், நெருக்கமாக. மோதிரம் முட்டுகிற அந்த நடு மூட்டைத் தாண்டும்வரை சுற்றவேண்டும். விரல் கருநீலமாக மாறும், வலிக்கும், அதனால் இதைச் சீக்கிரம் முடிக்கவேண்டும். இப்போது உள்ளங்கைப் பக்கம் விட்ட நுனியைப் பிடித்து, நக நுனியை நோக்கி இழுத்தபடி பிரியுங்கள். ஒவ்வொரு சுற்று பிரியும்போதும் மோதிரம் ஒரு நூல் அளவு முன்னால் ஏறும். அக்காவின் நெளி மோதிரம் மூட்டைத் தாண்டிய அந்த நொடியில் "டக்" என்று நூல்மேல் சறுக்கி என் மடியில் விழுந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு முறை முயன்று வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். விரல் மரத்துப்போனாலோ, நிறம் திரும்பாவிட்டாலோ, ஏற்கெனவே காயம் இருந்தாலோ நூல் வேலையே கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே மோதிரம் வெட்டுவதற்கென்றே சின்னக் கருவி வைத்திருப்பார்கள். அப்புறம் ஒன்று, மோதிரத்தைவிட முக்கியம்: கையோடு முகமும் திடீரென்று வீங்கி, தலைவலி, கண் மங்கல் இருந்தால் அன்றைக்கே ரத்த அழுத்தம் பார்க்கவேண்டும். கர்ப்ப காலத்தில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: வாட்ச் கட்டும் இடத்தில் மட்டும் அரிப்பு, கருத்த வளையம். தூங்கும்போதும் கழற்றுவதில்லை. வாட்ச் நல்ல கம்பெனிதான்.
- வாசகர், சென்னை

பதில்: கம்பெனி நல்லதாகவே இருக்கட்டும், தோலுக்கு மூச்சு விட நேரம் கொடுங்கள். வியர்வையும் சோப்புத் தண்ணீரும் வாட்சுக்கு அடியில் தங்கி ஊறுவதுதான் பலருக்குக் காரணம். சிலருக்கு நிக்கல் என்ற உலோகத்தால் ஒவ்வாமை, பக்கிளிலும் மலிவான மூடிகளிலும் நிக்கல் இருக்கும். பக்கிள் படுகிற இடத்தில் மட்டும் அரித்தால் அநேகமாக அதுதான். இரவில் கழற்றுங்கள், குளிக்கும்போது கழற்றுங்கள், பட்டைக்கு அடியில் சுண்டுவிரல் நுழைகிற அளவு தளர்த்திக் கட்டுங்கள். சென்னை வெயிலுக்குத் தோல் பட்டை சரிப்படாது, துணிப் பட்டை வாங்கி வாரம் ஒருமுறை துவைத்துப் போடுங்கள். இரண்டு வாரத்தில் மாறவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

"30 மீட்டர்" என்று முதுகில் எழுதியிருக்கிறது, குளிக்கும்போது கழற்றவேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த எண் 30 மீட்டர் ஆழத்துக்கு முங்கலாம் என்று சொல்லவில்லை. கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். நீச்சலுக்கு 50 மீட்டராவது வேண்டும், தைரியமாக நீந்த 100.

கேள்வி: அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய ஹெச்எம்டி ஜனதா வாட்சைக் கட்ட ஆசைப்படுகிறேன். கண்ணாடி முழுக்கக் கீறல். பின்மூடியில் அவர் பெயரை வெட்டலாமா, பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிற மெஷினால்?
- வாசகி, திருச்சி

பதில்: கட்டுங்கள் அம்மா, கட்டாயம் கட்டுங்கள். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் 1961-ல் ஹெச்எம்டி வாட்ச் செய்ய ஆரம்பித்தார்கள். நம் ஊரில் எத்தனையோ பேருக்கு முதல் சம்பளத்திலோ கல்யாணத்துக்கு மாமனார் வீட்டிலிருந்தோ வந்த வாட்ச் அது. 2016-ல் அந்த வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தபோது எங்கள் தெரு வாட்ச் கடைக்காரர் அன்றைக்குக் கடையைத் திறக்கவே இல்லை.

ஜனதா சாவி கொடுத்து ஓடுவது. தினமும் ஒரே நேரத்தில், காலையில் காபி குடித்த கையோடு என்று வைத்துக்கொள்ளுங்களேன், சாவி கொடுங்கள். கையில் கட்டியபடியே கொடுக்காதீர்கள், அப்போது சாவி கொடுக்கிற திருகை ஒரு பக்கமாகச் சாய்த்துத் திருப்புவோம், உள்ளே இருக்கிற மெல்லிய தண்டு நாளடைவில் தேய்ந்துவிடும். கழற்றி, உள்ளங்கையில் வைத்து, இறுகுவது தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். உங்கள் ஜனதாவில் தேதி கிடையாது. தேதி காட்டுகிற பழைய வாட்ச் வைத்திருப்பவர்கள் இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று மணி வரை தேதியைத் திருகி மாற்றக் கூடாது, அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும், உடைந்துவிடும்.

கீறலைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த வாட்சின் மேல் இருப்பது உண்மையில் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். வெள்ளை டூத்பேஸ்ட் துளி எடுத்து, மெல்லிய பருத்தித் துணியால் ஐந்து நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் மேலோட்டமான கீறல் மறைந்துவிடும். திருகின் பக்கம் பேஸ்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் வெட்டும் விஷயத்துக்கு வருகிறேன். பாத்திரக் கடை மெஷின் "டர்ர்ர்" என்று அதிர்ந்து அதிர்ந்து குத்தித்தான் எழுதுகிறது, எவர்சில்வர் சொம்புக்கு அது சரி. வாட்சுக்கு அந்த அதிர்வு ஆகாது. வாட்ச் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து மூடியை மட்டும் கழற்றி வாங்கி, மூடியில் மட்டும் வெட்டி, துகளைச் சுத்தமாகத் துடைத்து, திரும்ப அவரிடமே கொடுத்து மூடச் சொல்லுங்கள். அப்படியே எண்ணெய் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ஆறு கண்ணாடி டம்ளரில் பிள்ளைகள் பெயரைப் பொறித்துத் தர ஆசை. கண்ணாடியின் மேல்பரப்பை அரித்து எழுத்தைப் பொறிக்கிற எச்சிங் கிரீம் வாங்கலாமா? தெரிந்த ஒருவர், தான் வேலை செய்கிற இடத்திலிருந்து 'கண்ணாடி ஆசிட்' பாட்டிலில் தருகிறேன் என்கிறார், அது நல்லதா?
- வாசகி, ஈரோடு

பதில்: அந்த பாட்டிலை வாங்காதீர்கள். வீட்டுக்குள் வரவே விடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

பாத்ரூம் கழுவுகிற ஆசிட் கண்ணாடியை ஒன்றும் செய்யாது, கண்ணாடி பாட்டிலிலேயே அதை விற்கலாம். கண்ணாடியைக் கரைப்பது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம், அதனால்தான் அது எப்போதும் பிளாஸ்டிக் பாட்டிலில் இருக்கும். அவர் சொல்கிற 'கண்ணாடி ஆசிட்' அநேகமாக இதுதான். சாதாரண ஆசிட் பட்டால் உடனே எரியும், கையை உதறுவோம், ஓடிப்போய்க் கழுவுவோம். நீர்த்த ஹைட்ரோஃப்ளூரிக் பட்டால் எரியவே எரியாது, தண்ணீர் தெறித்த மாதிரி இருக்கும், பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் வலி கிளம்பும். அதற்குள் அது தோலைத் தாண்டி உள்ளே இறங்கி, உடம்பில் இருக்கிற கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எலும்புவரை போகும். அளவு அதிகமாக இருந்தால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி இதயத் துடிப்பே நின்றுவிடும். வாட்சையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரு சொட்டு மோதிரத்துக்கு அடியில் போய்விட்டால் நீங்கள் கையைக் கழுவுவீர்கள், மோதிரத்துக்கு அடியில் இருப்பது கழுவப்படாது. வலி இல்லாததால் சந்தேகமும் வராது.

கைவினைப் பொருள் விற்கிற இடங்களில் கிடைக்கிற எச்சிங் கிரீமில் பெரும்பாலும் இருப்பது அமோனியம் பைஃப்ளூரைடு. தனி ஆசிட்டைவிட வீரியம் குறைவு, ஆனால் ஒரே குடும்பம்தான், டப்பாவில் பூப்படம் போட்டிருக்கிறதே என்று கோலமாவு மாதிரி நினைத்துவிடக் கூடாது. அதை வைத்துச் செய்யத்தான் வேண்டும் என்றால், நைட்ரைல் கையுறை, கண்ணைப் பக்கவாட்டிலும் மூடுகிற கண்ணாடி, முழுக்கைச் சட்டை, திறந்த ஜன்னல். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரம். கையில் வாட்ச், மோதிரம், வளையல் எதுவும் இல்லாமல். டம்ளரை ஸ்பிரிட்டால் துடைத்து, பெயர் வெட்டிய வினைல் ஸ்டிக்கரை ஒட்டி, எழுத்தின் ஓரங்களை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள், ஓரம் ஒட்டாவிட்டால் கிரீம் அடியில் கசிந்து எழுத்து பிசிறடிக்கும். பிளாஸ்டிக் கரண்டியால் கனமாகப் பூசி, டப்பாவில் போட்டிருக்கிற நேரம் மட்டும் விட்டு, நிறையத் தண்ணீர் வைத்த பிளாஸ்டிக் வாளியில் கழுவுங்கள். பீங்கான் சிங்க்கில் கழுவினால் சிங்க்கின் பளபளப்பே போய்விடும். ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே தெரியாது, கிரீம் வேலை செய்யவில்லை போல என்று திரும்பப் பூசப் போகாதீர்கள். துணியால் துடைத்துக் காயவிடுங்கள், காயக் காயப் பனி படர்ந்த மாதிரி எழுத்து மெதுவாக எழுந்து வரும். உதடு படுகிற விளிம்பிலும் டம்ளரின் உள்பக்கத்திலும் பொறிக்கவேண்டாம். கிரீமோடு வேறு எந்த ஆசிட்டையும் கலக்கவே கூடாது.

தோலில் பட்டுவிட்டால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள். நனைந்த துணியைக் களைந்து, ஓடுகிற குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டரிடம் "ஃப்ளூரைடு பட்டிருக்கிறது" என்று சொல்லுங்கள், அவர்கள் கால்சியம் குளுக்கோனேட் கொடுப்பார்கள். வெறுமனே "ஆசிட்" என்று சொன்னால் சாதாரண ஆசிட் என்று நினைக்க வாய்ப்பு இருக்கிறது.

இத்தனையும் எழுதிவிட்டு, என் யோசனையைக் கேட்டால், ஆறு டம்ளருக்கு கிரீமே வேண்டாம் என்பேன். வைரத்தூள் பதித்த முனையுள்ள பேனா மலிவாகவே கிடைக்கிறது. காகிதத்தில் பெயரை எழுதி டம்ளரின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், வெளியிலிருந்து எழுத்து தெரியும், அதன்மேலேயே கையால் கீறிக்கொண்டு போகலாம். மடியில் ஒரு டவலை விரித்து டம்ளரைச் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தாதீர்கள், நாலைந்து முறை லேசாகப் போங்கள். முனை சுழன்று கீறுகிற சின்ன ரோட்டரி மெஷின் இருந்தால் பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து, எழுத்தின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டபடி செய்யுங்கள், தூள் பறக்காது, கண்ணாடியும் சூடேறி விரியாது. மெஷினைத் தண்ணீரில் முக்கக் கூடாது. என்95 மாஸ்க் போடுங்கள். தூளை வாயால் ஊதாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். நான் அக்கா மகளுக்கு நான்கு டம்ளர் இப்படித்தான் செய்தேன். "யாழினி" என்பதில் 'ழி'யின் வளைவு மட்டும் மூன்று முறை வழுக்கியது, முதல் டம்ளரை அதற்காகவே ஒதுக்கிவையுங்கள், பழகுவதற்கு.

கேள்வி: முத்து மோதிரத்தை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். எச்சிங் வேலைக்கு உட்காரும்போது என்ன செய்ய?
- வாசகி, மதுரை

பதில்: உங்கள் நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை. ஆனால் முத்தும் பவளமும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும் பட்டாலே மங்கிவிடும், ஃப்ளூரைடு பட்டால் கேட்கவே வேண்டாம். செவ்வந்திக்கல்லும் ஓபலும் கண்ணாடியைப் போலவே சிலிக்கா, அவையும் அரிக்கப்படும். கல் கெட்டுப்போவதை ஜோசியரும் விரும்பமாட்டார். ஒரு மணி நேரம் பூஜை அறையில் சாமி முன்னால் வைத்துவிட்டு வந்து வேலையைப் பாருங்கள். வைர மோதிரம் போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தக் கை பட்டால் டம்ளரில் நீங்கள் கேட்காத கோடு விழும். விலை உயர்ந்த வாட்சுகளின் சஃபையர் கண்ணாடியைக்கூட வைரம் கீறிவிடும்.

கேள்வி: பூஜை அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டாயிற்று, டஃபண்ட் கண்ணாடி. இப்போது அதில் விளக்குப் படம் எச்சிங் செய்யலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆழமாகச் செய்ய முடியாது ஐயா. அந்தக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றில் குளிர வைத்திருப்பார்கள், மேல்தோல் இறுகிப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் அதற்குப் பலம். அந்தத் தோலைத் தாண்டிக் கீறினால் கதவு மொத்தமும் கல்கண்டு மாதிரி நொறுங்கி விழும். எச்சிங்கை முதலில் செய்துவிட்டுப் பிறகு சூளைக்கு அனுப்பியிருக்கவேண்டும். மாட்டிய கதவுக்கு எச்சிங் மாதிரியே தோற்றம் தருகிற ஃபிலிம் ஒட்டுவதுதான் வழி.

பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகச் செய்யப்போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடையில் மணல் வீசித்தான் எச்சிங் செய்வார்கள். ஆற்று மணலா, அலுமினியம் ஆக்சைடு தூளா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். ஆற்று மணல் தூள் அங்கே வேலை செய்கிற பையன்களின் நுரையீரலில் சேர்ந்து சிலிகோசிஸ் கொண்டுவரும், அதற்கு மருந்து கிடையாது. அப்புறம், கதவை மாட்டும்போது சொரசொரப்பான பக்கம் பூஜை அறைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே இருந்தால் விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்தச் சொரசொரப்பில் ஏறிக்கொள்ளும், எத்தனை துடைத்தாலும் போகாது.